கடிகாரத்தின் கால்கள்

திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையே பெருமுக்கல் என்னும் ஊர் உள்ளது. பரந்த சமவெளியின் நடுவே பாறைக் குன்று ஒன்று நிமிர்ந்து நின்று, அவ்வூரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும். குன்றின்மேல் பழமையான சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். உப்பளங்களுக்கு அப்பால் கடல். உப்பளத் தொழிலாளர் வெயிலின் கொடுமைக்கு அஞ்சி, விடியுமுன்னரே பாத்திகளில் இறங்கிவிடுவர். கதிரவன் எழுந்த பின்னர் நிழலைப் பார்த்துப் பொழுதை ஒருவாறு அறியலாம். எழுமுன் நிழல் ஏது? அந்த இருட்டில் எழுந்து புறப்பட வேண்டியவர்க்குக் கடிகாரமே துணை.

அப்பகுதியில் ஒரு வீட்டில், பாட்டனார் கட்டியிருந்த கைக்கடிகாரம் ஒன்று பல்லாண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதனை எடுத்துத் துடைத்துச் சாவி கொடுக்கிறான். கடிகாரம் உயிர்பெற்று ஓடுகிறது. ஆயினும் ஏதோ குறை தென்படுகிறது. பன்னிரண்டு என்னும் எண் நேர் மேலே நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்திருக்கிறது. கையை உதறினால் எண்கள் எழுதிய தகடு முழுவதுமே சிறிது நகர்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முள் ஓரிடத்தில் உராய்ந்து கடிகாரம் நின்றே போயிருக்கிறது. உள்ளிருக்கும் சக்கரங்களில் ஒரு பழுதும் இல்லை. சுருள்வில் அறுபடவில்லை. பழுதுற்றது யாது? ஓடும் உறுப்புகளுள் எதுவும் அன்று. ஓடாத உறுப்பே பழுதுற்றது. கடிகாரத்தின் முகப்பு தன் இடத்தில் உறுதியாக நிற்கவில்லை. அம்முகப்பை இயந்திரத்தோடு எவ்வாறு பொருத்துகின்றனர், எவ்வாறு பொருத்துதல் வேண்டும் என்பதையே இப்பாடத்தில் காண்போம்.

காலத்தை அளக்கும் கருவி எதுவாயினும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அசைவது, மற்றொன்று அசையாதது. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள திருவிசநல்லூர்ச் சிவயோகிநாதர் கோயிலின் மதிலில் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று உள்ளது. சுவரில் அரைவட்டமாகக் கோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆணியின் நிழல் நகர்கிறது. கோடுகள் அசையாமல் நிற்கின்றன. நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்துப் பொழுதை அறிகிறோம். அக்கோடுகள் ஒவ்வொரு நாளும் இடம் மாறுமாயின், கதிரவன் தவறாது எழுந்தும் பயன் இராது. சூரியக் கடிகாரத்தில் முகப்பைத் தாங்கச் சுவரே இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்திற்கோ சுவர் இல்லை. அது நாள் முழுவதும் கையோடு சேர்ந்து வீசப்படுகிறது, மேசையில் இடிபடுகிறது, மிதிவண்டியில் செல்வோர் கையில் ஓயாது அதிர்கிறது. இத்தனைக்கும் நடுவே அதன் முகப்பு மதிற்சுவர்போல் அசையாதிருத்தல் வேண்டும்.

கைக்கடிகாரத்தின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். கடிகாரத்தின் வெளிப்புற உறையைக் கூடு என்பர். அதனுள் சக்கரங்களும் சுருள்வில்லும் அடங்கிய இயந்திரம் இருக்கிறது. இயந்திரத்தின் உறுப்புகள் யாவும் வட்டமான உலோகத் தட்டு ஒன்றின்மேல் அமைந்திருக்கும். அதனை அடித்தட்டு எனலாம். அடித்தட்டின் ஒரு பக்கத்தில் சக்கரங்கள் உள்ளன. மற்றொரு பக்கத்தை மூடி நிற்பதே முகப்பு. கடிகாரம் பழுதுபார்ப்போர் இதனை 'டயல்' என்று வழங்குவர். பெரும்பாலும் இது மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் வண்ணம் பூசி, எண்களையும் நிமிடக் கோடுகளையும் அச்சிட்டிருப்பர். பழைய சட்டைப்பைக் கடிகாரங்களில் செம்புத் தகட்டின்மேல் எனாமல் பூசிச் சூளையில் சுட்டெடுத்த முகப்புகளும் உண்டு.

முகப்பின் நடுவே ஒரு சிறு துளை இருக்கிறது. அத்துளையின் வழியாக மூன்று அச்சுகள் ஒன்றனுள் ஒன்றாக மேலே வருகின்றன. எல்லாவற்றிற்கும் உள்ளே நொடி முள்ளின் அச்சு. அதனைச் சூழ்ந்து நிமிட முள்ளைத் தாங்கும் குழல். அதனையும் சூழ்ந்து மணி முள்ளைத் தாங்கும் குழல். நொடி முள் நடுவில் அமைந்த கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் இவ்வமைப்பே உள்ளது. குழல்களுக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. முகப்பு ஒரு பக்கமாகச் சிறிது ஒதுங்கினாலும் துளையின் விளிம்பு மணிக் குழலைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் உராய்வு உண்டாகும். கைக்கடிகாரத்தின் சுருள்வில் தரும் ஆற்றல் பல சக்கரங்களைக் கடந்து வருவதற்குள் மிகவும் மெலிந்துவிடுகிறது. அம்மெலிந்த ஆற்றலுக்கு இவ்வுராய்வும் பெருஞ்சுமையே.

முகப்பின் அடியில் மறைந்திருக்கும் மற்றொன்றையும் நாம் கருத வேண்டும். நிமிட முள் பன்னிரண்டு முறை சுற்றும்போது மணி முள் ஒரு முறை சுற்ற வேண்டுமன்றோ? இவ்விகிதத்தை ஏற்படுத்தும் சிறு சக்கரங்கள் முகப்புக்கும் அடித்தட்டுக்கும் இடையிலேயே உள்ளன. அவற்றுள் மணிச் சக்கரம் திருகாணி எதனாலும் பிணைக்கப்படாமல், தன் அச்சைச் சூழ்ந்து தளர்வாக அமர்ந்திருக்கும். அது மேலெழாதவாறு பல கடிகாரங்களில் காகிதம்போன்ற மெல்லிய உலோக வளையம் ஒன்றை அதன்மேல் இடுவர். அவ்வளையத்தை மேலிருந்து அழுத்திக் காப்பது முகப்பே. முகப்பு தளர்ந்து மேலே எழும்பினால் மணிச் சக்கரமும் எழும்பும். அதன் பற்கள் அடுத்த சக்கரத்தின் பற்களினின்று விலகும். அப்போது நிமிட முள் நகரும். மணி முள் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே முகப்பு என்பது வெறும் எழுத்துப் பலகை அன்று. அஃது இயந்திரத்தின் ஒரு மூடியுமாகும்.

இத்தகைய முகப்பைத் தாங்குவன எவை? முகப்பின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் செம்பினாலோ பித்தளையினாலோ ஆன இரண்டு சிறு முளைகள் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஊசியின் கனமே உள்ள இவற்றை முகப்பின் கால்கள் என்பர். அடித்தட்டில் இவற்றிற்கு நேராக இரண்டு துளைகள் உண்டு. கால்கள் துளைகளுள் இறங்கியதும் முகப்பு தன் இருக்கையில் அமர்ந்துவிடும்.

இரண்டு கால்கள் எதற்கு? ஒன்று போதாதா? உங்கள் ஏட்டுத் தாள் ஒன்றை மேசைமேல் வைத்து, ஒரு குண்டூசியால் குத்துங்கள். தாள் அவ்விடத்தை விட்டு அகலாது. ஆனால் குண்டூசியை நடுவாகக் கொண்டு சுழலும். இரண்டாவது குண்டூசியைக் குத்தியவுடன் அச்சுழற்சியும் நின்றுவிடும். வடிவ கணிதத்தில் நீங்கள் கற்கும் உண்மையே இது. இரு புள்ளிகள் நிலைபெற்றால் அத்தளத்தில் உள்ள உருவம் முழுவதும் நிலைபெறும். பேரனின் கையில் உள்ள கடிகாரத்தில் முகப்பு சுழன்றதற்கும் இதுவே காரணம். அதன் கால்களுள் ஒன்று ஒடிந்துபோயிருக்கிறது.

கால்கள் இரண்டும் பொதுவாக ஒன்றுக்கொன்று நேர் எதிரே இரா. சற்று விலகியே அமைந்திருக்கும். இதனால் முகப்பைத் தலைகீழாகப் பொருத்த இயலாமற் போகும். ஒரே ஒரு நிலையில்தான் அஃது அமரும். செய்பவர் மறந்தாலும் பொருள் மறவாதிருக்க அமைத்த ஏற்பாடு இது.

முகப்பு சிறிது நகர்ந்தால் என்ன பெரிய இழப்பு நேர்ந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். முகப்பின் விட்டம் 28 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 88 மில்லிமீட்டர். இதனை 60 நிமிடங்களாகப் பகுத்தால் ஒரு நிமிடத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடமே கிடைக்கும். விளிம்பில் அரை மில்லிமீட்டர் அளவு முகப்பு சுழன்றால், நிமிட முள் காட்டும் நேரத்தில் ஏறத்தாழ 20 நொடி பிழை நேரும். மணி முள்ளின் நிலையோ இன்னும் மோசமானது. அரை மில்லிமீட்டர் என்பது இங்கே ஏறத்தாழ 2 பாகைக் கோணமாகும். மணி முள் ஒரு மணி நேரத்தில் 30 பாகையே நகர்வதால், 2 பாகை அதற்கு நான்கு நிமிடப் பிழையாகும். ஆகவே நிமிட முள் ஒன்றைக் கூறும். மணி முள் வேறொன்றைக் கூறும். ஒரே வழக்கில் முரண்பட்டுப் பேசும் இரு சாட்சிகள்போல் அவை நிற்கும். அரையிருட்டில் எழுந்து முட்களின் நிலையை மட்டும் பார்த்துப் பொழுதறியும் ஒருவர்க்கு இம்முரண்பாடு இடர் தருவதேயாகும்.

கால்கள் துளைகளில் இறங்கிவிட்டால் மட்டும் போதாது; அவை மீண்டும் வெளியேறாதவாறு பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இதற்கு வெவ்வேறு முறைகள் உள்ளன. பழைய ஆங்கிலச் சட்டைப்பைக் கடிகாரங்களில் காலின் நுனியில் குறுக்கே துளையிட்டு, அதில் ஒரு சிறு ஊசியைச் செருகினர். நம் நாட்டு மாட்டுவண்டியின் சக்கரம் கழலாதபடி அச்சில் கடையாணி செருகுவதை நீங்கள் பார்த்திருக்கலாம், இதுவும் அத்தகையதே. கைக்கடிகாரங்கள் வந்தபின் அடித்தட்டின் ஓரத்தில் பக்கவாட்டாகச் சிறு திருகாணிகளை அமைத்தனர். திருகாணியை முடுக்கினால் அதன் நுனி காலின் பக்கத்தில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். வேறு சில கடிகாரங்களில் தலையின் ஒரு பகுதி வெட்டப்பட்ட திருகாணிகள் உண்டு. வெட்டிய பக்கம் காலை நோக்கியிருக்கும்போது முகப்பு விடுபட்டிருக்கும். திருகாணியைச் சிறிது திருப்பினால் வெட்டப்படாத விளிம்பு காலைக் கவ்வும். இக்காலத்துக் கடிகாரங்கள் பலவற்றில் திருகாணியே இல்லை. பிளாஸ்டிக் வளையத்திலுள்ள இறுக்கமான துளைகளே கால்களைப் பற்றிக்கொள்கின்றன.

இம்முறைகள் எல்லாவற்றிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை முகப்பை உறுதியாகப் பிடிக்கின்றன; ஆனால் வேண்டும்போது விட்டுவிடவும் செய்கின்றன. இது முக்கியமானது. கடிகாரத்தில் இட்ட எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்துவிடும், அழுக்குச் சேரும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனைப் பிரித்துத் துடைத்து மீண்டும் எண்ணெய் இடுதல் வேண்டும். அவ்வாறு முழுதும் பிரிக்கும்பொழுதெல்லாம் முகப்பையும் கழற்ற வேண்டும். கழற்ற முடியாத உறுதி கடிகாரத்திற்கு உறுதியாகாது. அது சிறையே ஆகும்.

இனி, முகப்பைப் பொருத்தும் முறையைக் காண்போம். இக்காலத்தில் கடிகார இயந்திரத்தையும், முகப்பையும், முட்களையும், கூட்டையும் தனித்தனியே வாங்கித் தாமே கோத்து மகிழும் பழக்கம் உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளது. இவ்வாறு கோப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, முகப்பும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று உரியனவா என்பதே. ஒவ்வோர் இயந்திரத்திலும் கால்களுக்கான துளைகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன. விட்டம் சரியாக இருப்பதனாலேயே முகப்பு பொருந்திவிடாது. மேலும், ஒரே இயந்திரத்தைச் சாவி மூன்று மணிப் பக்கத்தில் இருக்குமாறும், நான்கு மணிப் பக்கத்தை அடுத்து இருக்குமாறும் கூட்டில் வைப்பதுண்டு. இயந்திரம் திரும்பினால் துளைகளும் திரும்பும். ஆதலின் இரு நிலைக்கும் பயன்படுமாறு நான்கு கால்களோடு சில முகப்புகளைச் செய்கின்றனர். கோப்பவர் தமக்கு வேண்டாத இரண்டு கால்களை நறுக்கி நீக்கிவிட வேண்டும். எவற்றை நீக்குவது என்பதை இயந்திரத்தின்மேல் வைத்து ஒரு முறைக்கு இரு முறை பார்த்த பின்னரே நறுக்க வேண்டும். மாற்றி நறுக்கினால் எஞ்சியவை துளையில் இறங்கமாட்டா; நறுக்கியவை மீண்டும் வளரமாட்டா.

பொருத்துமுன் கால்கள் செங்குத்தாக இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தல் வேண்டும். வளைந்திருந்தால் சாமணத்தால் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு மெல்ல நிமிர்த்த வேண்டும்; நுனியைப் பிடித்து வளைத்தால் அடி ஒடிந்துவிடும். அடுத்துத் திருகாணிகளை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். முழுதும் கழற்றுதல் கூடாது. எள்ளினும் சிறிய அத்திருகாணி தரையில் விழுந்தால் தேடிக் காண்பது அரிது. மணிச் சக்கரமும் அதன்மேல் இடும் வளையமும் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று பார்த்துக்கொண்டு, முகப்பை நேராக இறக்க வேண்டும். விரல்களில் மெல்லிய உறை அணிந்துகொள்வது நன்று. வியர்வையின் கறை முகப்பில் படிந்தால் பின்னர் நீங்காது. முகப்பின் நடுவில் அழுத்தாமல், கால்கள் உள்ள இடத்திற்கு நேராக விளிம்பில் மெல்ல அழுத்துதல் வேண்டும். எங்கேனும் தடை தோன்றினால், வலிந்து அழுத்தாமல் எடுத்து மீண்டும் ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் தடைக்குக் காரணம் தளர்த்தாத திருகாணியாகவோ வளைந்த காலாகவோ இருக்கும்.

முகப்பு நன்கு படிந்த பின்னர், திருகாணிகளை முடுக்க வேண்டும். ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு மற்றொன்றிற்குச் செல்லாமல், இரண்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குவதே முறை. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் முகப்பு அப்பக்கம் இழுபடும். அளவுக்கு மேல் முடுக்குவதும் தீங்கே. கால் மென்மையான செம்பு, திருகாணியோ எஃகு. இறுக்கம் மிகுந்தால் எஃகு செம்பைக் கடித்துவிடும். கடிபட்ட இடத்தில் கால் பின்னொரு நாள் ஒடியும். முடுக்கியபின், நடுத்துளையைக் கண்ணாடியால் பார்த்தால் குழல்களைச் சூழ்ந்து எல்லாப் பக்கமும் சமமான இடைவெளி தெரிதல் வேண்டும். தேதி காட்டும் கடிகாரமாயின், சாளரத்தின் நடுவே எண் நேராகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை யாவும் சரியாயின் முட்களைப் பொருத்தலாம்.

கழற்றும்போதும் இதே பொறுமை வேண்டும். முட்களை முதலில் எடுத்துவிட்டு, திருகாணிகளைத் தளர்த்திய பின்னரே முகப்பைத் தூக்க வேண்டும். எடுத்தபின் திருகாணிகளை மீண்டும் உள்ளே முடுக்கி வைத்தல் வேண்டும்; தளர்ந்த திருகாணி கழன்று சக்கரங்களுக்கிடையே விழுந்தால் ஓட்டமே நின்றுவிடும். கால்கள் ஒடிவது பெரும்பாலும் பொருத்தும்போது அன்று. திருகாணியைத் தளர்த்த மறந்து, முகப்பின் விளிம்பில் கத்தியைச் செருகி நெம்பும்போதே ஒடிகின்றன. பேரனின் கடிகாரத்திற்கு அந்நிலை நேர்ந்திருக்கலாம்.

ஒடிந்த காலுக்கு மருந்து உண்டா? உண்டு. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறை உண்டு. புதிய செம்புக் காலை ஈயப்பற்று வைத்து ஒட்டலாம். ஈயமும் வெள்ளீயமும் உரிய அளவில் கலந்த பற்று 183 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். அவ்வெப்பம் மெல்லிய தகட்டைக் கடந்து மறுபக்கம் சென்றால் முகப்பின் வண்ணம் கருகும். பல்லாண்டு அழகு ஒரு நொடியில் கெடும். எனவே தேர்ந்த தொழிலாளர், காலின் அடிப்பகுதி மட்டும் நொடிப்பொழுது சூடேறுமாறு மின்சாரத்தால் ஒட்டும் கருவியைப் பயன்படுத்துவர். வெப்பமே வேண்டாமெனில், அடி அகன்ற புதிய காலை இரு பகுதிகளாகக் கலக்கும் எப்பாக்சிப் பிசினால் ஒட்டலாம். இதில் காலின் இடத்தை மிகத் துல்லியமாக அளந்து குறித்தல் வேண்டும்.

கால் வைக்க இயலாத இடத்தில், இருபுறமும் பசையுள்ள சிறு வட்டத் துண்டுகளைப் பயன்படுத்துவதுண்டு. எஞ்சிய கால்கள் இடையூறாயின் அவற்றையும் நீக்கிவிட்டு, அடித்தட்டின்மேல் இத்துண்டுகளை ஒட்டி, அவற்றின்மேல் முகப்பை அமர்த்துவர். எண்ணெய்ப் பசையின்றி இரு பரப்பையும் துடைத்துக்கொள்வது இதற்கு இன்றியமையாதது. சுழலும் தேதி வளையத்தின்மேலோ, அசையும் வேறு உறுப்பின்மேலோ துண்டு படுதல் கூடாது. துண்டின் கனத்தால் முகப்பு சிறிது உயரும். அதனால் மணி முள் முகப்பை உராய்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். இம்முறையில் காலும் துளையும் தரும் வழிகாட்டுதல் இல்லை, கண்ணே அளவுகோல். ஆயினும், பின்னர் வருபவர் மெல்லிய அலகைச் செருகி முகப்பைச் சேதமின்றிப் பிரித்துவிடலாம் என்பது இதன் நன்மை.

செய்யத்தகாதது ஒன்று உண்டு. உடனே ஒட்டிக்கொள்ளும் நீர்போன்ற பசையைக் கடிகாரத்தினுள் இடுதல் கூடாது. அப்பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி, முகப்பிலும் கண்ணாடியிலும் வெண்படலமாகப் படியும். ஒரு துளி மிகுந்தால் மெல்லிய இடுக்குகளில் ஓடி, சக்கரத்தையே அடித்தட்டோடு ஒட்டிவிடும். அன்று மாலை கடிகாரம் செம்மையாக நிற்பதுபோல் தோன்றும். பிரிக்க வேண்டிய நாளிலோ முகப்பை உடைத்தாலன்றி இயந்திரத்தை அணுக இயலாது.

கடற்கரைப் பகுதியில் வாழ்வோர் இன்னும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். உப்பளத்துக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்துள்ளன. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு என்னும் பொருளும் சிறிது உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் வீட்டு உப்பு கசிவதை நீங்கள் கண்டதில்லையா? அவ்வுப்புத் துகள் கடிகாரத்தினுள் புகுந்தால் எஃகுத் திருகாணி துருப்பிடிக்கும். செம்புக் கால் பச்சை பூக்கும். துருவேறிய திருகாணி தளராது. தளராத இடத்தில் வலிமையைக் காட்டினால் கால் ஒடியும். ஆதலின் அங்கே கடிகாரத்தின் பின்மூடியும் கண்ணாடியும் இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதும், ஈரமற்ற அறையில் காற்று வீசாத நேரத்தில் கடிகாரத்தைத் திறப்பதும் மிகவும் தேவையானவை.

ஒரு சிறு காலைக் குறித்து இத்துணை கவலை எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை நம் நாட்டுக் கடிகாரங்களின் வரலாற்றில் உள்ளது. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், சப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு, 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜனதா முதலிய அதன் கைச்சாவிக் கடிகாரங்களை ஆசிரியரும், அலுவலரும், உழவரும், தொழிலாளரும் பல்லாண்டுக் காலம் கட்டி வந்தனர். தமிழ்நாட்டில் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-ஆம் ஆண்டில் டைட்டன் நிறுவனத்தை ஏற்படுத்தின. ஒசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அந்நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட எட்ஜ் என்னும் கைக்கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், அதனுள் உள்ள இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு குறுகிய இடத்திற்குள் முகப்பும், முட்களும், கண்ணாடியும் ஒன்றையொன்று தொடாமல் அமைய வேண்டுமாயின், முகப்பு மயிரிழை அளவும் மேலெழுதல் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மைய அரசு 2016-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஆகவே பாட்டனார் கட்டிய அப்பழைய கடிகாரங்களுக்கு அவற்றைச் செய்த தொழிற்சாலையிலிருந்து இனிப் புதிய முகப்பு வருவதற்கில்லை. பிறர் அச்சிட்ட முகப்பு கடையில் கிடைக்கலாம். பாட்டனார் நாள்தோறும் பார்த்த முகப்பு அஃது ஆகாது. வெயிலில் வெளுத்தும் விளிம்பில் பழுப்பேறியும் உள்ள அம்முகப்பு, ஒரு முறை கெட்டால் கெட்டதே.

பேரனின் கடிகாரத்தை நாம் மறந்துவிடவில்லை. தொழில் தெரிந்த ஒருவரிடம் அதனைக் கொடுக்கிறான். அவர் பின்மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைக் காட்டுகிறார். அங்கே ஊசியால் கீறிய சிறு குறிகள் தெரிகின்றன. முன்பு அக்கடிகாரத்தைத் துடைத்துச் செப்பனிட்டோர் தத்தம் அடையாளமாக இட்ட குறிகள் அவை. கடிகாரம் பழுதுபார்ப்போரிடையே உலகெங்கும் இவ்வழக்கம் உண்டு. அவர்களுள் யாரோ ஒருவர் திருகாணியைத் தளர்த்தாமல் நெம்பியிருக்கிறார். யாரோ ஒருவர் அதற்கு முன் பலமுறை பொறுமையோடு கழற்றிப் பூட்டியிருக்கிறார். குறிகளில் பெயர் இல்லை. ஆனால் யார் எவ்வாறு வேலை செய்தார் என்பதைக் கால்களும் திருகாணிகளும் காட்டிவிடுகின்றன.

அத்தொழிலாளர் துருவேறிய திருகாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் இட்டுக் காத்திருக்கிறார். பின்னர் முகப்பை எடுத்து, ஒடிந்த இடத்தை அளந்து, புதிய காலைப் பொருத்துகிறார். இரண்டு கால்களும் துளைகளில் இறங்குகின்றன. திருகாணிகள் மாறிமாறி முடுக்கப்படுகின்றன. பன்னிரண்டு என்னும் எண் மீண்டும் நேர் மேலே வந்து நிற்கிறது. கூட்டை மூடியபின் அவர் செய்த வேலையை எவரும் காணார், பேரனும் காணமாட்டான். அடுத்த முறை அக்கடிகாரத்தைத் திறப்பவர் ஒருவரே காண்பார். அவருடைய திருப்புளிக்குத் திருகாணி எளிதில் நெகிழ்ந்து கொடுக்குமாயின், இவர் நன்கு செய்தார் என்பதற்கு அதுவே சான்று.